ஜாம்பிகளுக்கு மேக்கப் போட்ட இரண்டு ஞாயிறுகள்

பியூட்டி பார்லருக்கு யாரும் தன் முகத்தில் திருப்தியோடு வருவதில்லை. அதுதான் எங்கள் பிழைப்பே. முகூர்த்த நாளில் மணப்பெண்ணைச் சுற்றிச் சித்திமார்கள் நின்று ஆளுக்கொரு யோசனை சொல்ல, வியர்வையில் வழியும் பவுடரை ஒற்றியபடி பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும் சகோதரிகளே, என் கஷ்டம் உங்களுக்குச் சொல்லாமலே புரியும். விருதுநகரில் நான் கடை போட்ட மூன்றாவது வருஷம் அது. செல்போனில் பாட்டுக் கேட்பதே பெருமையாக இருந்த காலம். அப்போதுதான் முகத்தைக் கெடுக்கச் சொல்லி எனக்கு முதல் ஆர்டர் வந்தது.

ஒரே நாளில் இரண்டு ஆர்டர்

ஆர்டர் கொடுத்தவள் ரேவதி. கல்லூரியில் சினிமா படிப்பு, கடைசி வருஷம். பரீட்சைக்காக ஒரு குறும்படம் எடுக்க வேண்டும். செத்தவர்கள் எழுந்து நடக்கிற ஜாம்பி கதை. இருபது ஜாம்பிகளுக்கு மேக்கப், கிழிந்த துணிமணி எல்லாம் என் பொறுப்பு. வாடகைக் கேமரா இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளுக்கு மட்டும் கிடைத்திருக்கிறது. ஜாம்பிகளாக நடிக்கத்தான் ஆள் இல்லை.

அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே பேச்சியக்கா உள்ளே வந்தார். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் வேலை. அடுத்த மாதம் மகளுக்குக் கல்யாணம், பெண் அலங்காரத்துக்குச் சொல்ல வந்திருந்தார். எல்லாம் பேசி முடித்த பிறகு, அதுவரை இடது கன்னத்தோடு இழுத்துப் பிடித்திருந்த சேலைத் தலைப்பை விலக்கினார். கன்னத்திலிருந்து கழுத்து வரை தீக்காயத் தழும்பு. கம்பெனியில் விபத்து நடந்ததிலிருந்து அவர் எந்தப் போட்டோவிலும் நின்றதில்லையாம். கல்யாணப் போட்டோவில் மகள் பக்கத்தில் நிற்க ஆசை. அந்த ஒரு நாளைக்கு இதை மறைக்க முடியுமா என்று கேட்டார். முடியும் என்று சொல்லிவிட்டேன், மனசுக்குள் சந்தேகம்தான். உடனே ரேவதி பக்கம் திரும்பினார். "ஆளுகள நான் கூட்டியாறேன் பாப்பா, எங்க வேன்லயே இருவது பேரு வருவாக. நான் மட்டும் கேமரா முன்னால நிக்க மாட்டேன். இந்தத் தாயி என் மூஞ்சிய மறைச்சுக் குடுத்தாப் போதும்."

பிணத்தின் நிறம்

வெம்பக்கோட்டைப் பக்கம் மூடிக்கிடந்த ஒரு தீப்பெட்டிக் கம்பெனியில் ஷூட்டிங். மைதாப் பசையில் டிஷ்யூ பேப்பரை நனைத்து முகத்தில் ஒட்டி, காய்ந்ததும் நகத்தால் கீறினால் தோல் உரிந்த மாதிரி இருக்கும். ரத்தத்துக்குச் சீனிப்பாகில் கேசரிப் பவுடர். ஈ மொய்த்தது. பிணத்துக்கு ஈ மொய்ப்பது நியாயம்தானே என்று விட்டுவிட்டேன்.

பிணத்தின் நிறம்தான் வரவில்லை. பவுடரில் கண்மையைக் குழைத்தால் கரி பூசின மாதிரி ஆகிவிடுகிறது. கண்மையைக் குறைத்தால் சுண்ணாம்பு அடித்த சுவர். மூன்று முகங்களைக் கழுவிக் கழுவித் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தேன். பேச்சியக்கா கூட்டி வந்தவர்களில் ஒருவர், நாற்காலியில் இருந்த மாரியம்மா, பொறுமையாகச் சொன்னார்: "ஏன் தாயி இம்புட்டுக் கஷ்டப்படுறீக? எங்க கம்பெனியில ஒரு நாள் அலுமினியப் பொடி சலிக்க வந்து நில்லுங்க, சும்மாவே இந்தக் கலரு வந்துரும்."

அறைக்கு நாலு பேர்

நேரம் போகிறதே என்று இருபது பேரையும் ஒரே அறைக்குள் வரச் சொன்னேன். பெரிய அறை, ஃபேன் வேறு ஓடிக்கொண்டிருந்தது. நாலு பேர் மட்டும் வந்து உட்கார்ந்தார்கள். மற்ற பதினாறு பேரும் வெயிலில் நின்றார்கள். கூச்சப்படுகிறார்கள் என்று நினைத்து ஒரு பெண்ணின் கையைப் பிடித்து உள்ளே இழுத்தேன். அவள் உள்ளே வந்ததும் ஏற்கெனவே உட்கார்ந்திருந்த ஒருத்தி எழுந்து வெளியே போய்விட்டாள். எனக்குக் கோபமான கோபம்.

கடைசியில் நாலு நாலு பேராகத்தான் நடந்தது. ஆனால் பாருங்கள், நான் இரண்டு முகம் முடிப்பதற்குள் மீதி இரண்டை அவர்களே ஒருவருக்கொருவர் ஒட்டி முடித்திருந்தார்கள். வெடிக்குத் திரி சொருகிப் பழகிய விரல்கள். ஒரு சொட்டுப் பசை சிந்தவில்லை. காசு கட்டி கோர்ஸ் படித்தவள் நான், மலைத்துப்போய் உட்கார்ந்திருந்தேன். ஏன் இப்படி நாலு நாலு பேர் என்று வாசலில் நின்ற பேச்சியக்காவிடம் கேட்டேன். "கம்பெனியில ரூமுக்கு நாலு பேருதான் தாயி. எங்க கூட்டத்துல அஞ்சாவது ஆளு உள்ள வந்தா எங்க கண்ணு தானா வாசலத் தேடும்."

தைத்த கிழிசல்

முதல் ஞாயிறு ஜாம்பிகளின் சேலைகளை நானே கத்தரியால் கிழித்து, மண்ணில் புரட்டி, ரத்தம் தெளித்தேன். அடுத்த ஞாயிறு இதையே உடுத்தி வாருங்கள் என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினேன். வந்தார்கள். இருபது சேலையும் துவைத்துக் கஞ்சி போட்டிருந்தது. கிழிசல் ஒவ்வொன்றையும் பொடித் தையலில் தைத்திருந்தார்கள். கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தையல் தெரியும். பாதிக் காட்சி ஏற்கெனவே கிழிந்த சேலையில் எடுத்தாயிற்று. ரேவதி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

வாரத்தில் ஆறு நாள் இருட்டோடு எழுந்து வேனைப் பிடிக்கிறவர்களுக்கு இதற்கு எப்போது நேரம் கிடைத்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கத்தரியை எடுக்கவே கை வரவில்லை; ரத்தத்தை மட்டும் திரும்பத் தெளித்தேன். மாரியம்மாதான் சமாதானம் சொன்னார்: "பொணமா இருந்தாலும் நாலு பேரு பாக்க வெளிய வருதுல்ல, கிழிசலோடயா வரும்?"

ஜாம்பிகள் ஓடிய ஓட்டம்

மத்தியானம் முக்கியமான காட்சி. ஜாம்பிகள் கூடத்துக்குள் மெதுவாக, காலை இழுத்து இழுத்து வர வேண்டும். கதாநாயகன் துப்பாக்கியால் சுடுவான். சத்தம் நிஜமாக இருக்கட்டும் என்று ரேவதியோடு படிக்கிற மாணவன் ஒருவன், யாரிடமும் சொல்லாமல், மூலையில் ஒரு வெடியைக் கொளுத்திவிட்டான்.

சத்தம் அடங்குவதற்குள் கூடம் காலி. இருபது பேரும் இருபது திசையில் ஓடவில்லை. அவரவருக்குப் பக்கத்து வாசல் வழியாக, முட்டாமல் மோதாமல், கையில் அகப்பட்ட மாணவர்களையும் இழுத்துக்கொண்டு வெளியே போயிருந்தார்கள். ரேவதியைத் தூக்காத குறையாக இழுத்துப் போனது பேச்சியக்கா. உள்ளே மிச்சம் நின்றது பவுடர் பஞ்சோடு நான் ஒருத்தி மட்டும். வெளியே வந்து பார்த்தால், நாலு நாலு பேராக நின்று தலையை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். வெறும் வெடிதானே, என்னவென்று பார்த்துவிட்டு ஓடியிருக்கலாமே என்று அசட்டுத்தனமாகக் கேட்டேன். பேச்சியக்கா மூச்சு வாங்கியபடி சொன்னார்: "ஒரு தடவ நின்னு பாத்துட்டேன் தாயி, போதும்."

யாருடைய முகம்

மிச்சக் காட்சிகளை எடுத்து முடித்து, சாயங்காலம் வேன் அத்தனை பேரையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டது. கல்யாண அலங்காரம் பற்றிப் பேசிக்கொண்டே என்னோடு வரலாம் என்று பேச்சியக்கா மட்டும் இருந்தார். அப்போதுதான் ரேவதிக்கு ஞாபகம் வந்தது, ஒரு ஜாம்பியின் முகத்தைப் பக்கத்தில் வைத்து எடுக்க வேண்டிய கடைசி ஷாட் பாக்கி. கேமராவைத் திருப்பிக் கொடுக்க இன்னும் ஒரு மணி நேரம்தான். அவள் என் காதோரம் வந்து, அந்தக்கா முகத்துக்கு மேக்கப்பே தேவையில்லை, அப்படியே எடுத்துவிடலாமா என்றாள். எனக்குச் சுரீரென்றது. நான் வாயைத் திறப்பதற்குள் பேச்சியக்கா நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். அவர் காதில் விழுந்திருக்கிறது. "இது என் மூஞ்சி பாப்பா. பேய் மூஞ்சி வேணும்னா தாயிகிட்டச் சொல்லு, மேல ஒட்டி விடட்டும்" என்றார். ரேவதி அழுதுவிட்டாள்.

இரண்டு கன்னத்துக்கும் ஒட்டினேன். தழும்பின் மேலும் பசை, பேப்பர், சாம்பல் நிறம், ரத்தம். சேலைத் தலைப்பைத் தோளில் போட்டுக்கொண்டு, கேமராவை நேருக்கு நேர் பார்த்தார் அந்த அம்மாள். ஷாட் முடிந்தது.

அப்புறம் தேங்காய் எண்ணெய் தொட்டு ஒவ்வொரு பேப்பராக எடுத்தேன். வலது கன்னம் வந்தது. தழும்பும் வந்தது. கண்ணாடியைக் கையில் கொடுக்கத் தயங்கினேன், அவரே எடுத்துக்கொண்டார். ரொம்ப நேரம் பார்த்தார். தழும்பை விரலால் தடவி, ஒட்டியிருந்த கடைசித் துணுக்கு பேப்பரையும் உரித்துப் போட்டார். கல்யாணத்தன்று எத்தனை மணிக்கு வந்து மறைத்துவிடட்டும் என்று கேட்டேன். கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "மகளுக்கு மட்டும் போட்டு விடுங்க தாயி. எனக்கு என் மூஞ்சி வந்துருச்சு."

இத்தனை வருஷத்தில் என் நாற்காலியில் எத்தனையோ பேர் வந்து உட்கார்ந்து வேறு முகத்தோடு எழுந்து போயிருக்கிறார்கள். கொண்டுவந்த முகத்தையே சந்தோஷமாகத் திரும்ப வாங்கிப் போய், அதோடு கல்யாணப் போட்டோவில் நடுநாயகமாக நின்றவர் அவர் ஒருவர்தான்.