பற்றவைக்காத பீடி

மல்லாவியில் கார் திருத்தும் அந்த மனிதரின் காதில் எப்போதும் ஒரு பீடி செருகியிருக்கும். அவர் அதைப் புகைத்து நான் கண்டதில்லை.

மனைவிக்குப் பிரசவ வலி கண்ட அன்று, எங்கள் காரின் புகைக்குழாய் துப்பாக்கி வேட்டுப்போல வெடித்துக்கொண்டே இருந்தது. திருத்த நேரமில்லை.

"நிண்டுபோற கார் பிரச்சினையில்லைத் தம்பி, தள்ளலாம். சென்றியடியில வெடிச்சால் ஆமிக்காரன் சுட்டுப்போடுவான்" என்று அவரே ஓட்ட வந்தார்.

சென்றிக் காவலரணுக்கு வெகு முன்பே எஞ்சினை நிறுத்தினார். இறங்கித் தள்ளினோம். ஒரு சிப்பாய் இரங்கி, துவக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு தானும் தள்ளினான்.

"ஸ்டார்ட்! ஸ்டார்ட்!" என்று கத்தினான். உள்ளே மனைவி முனகினாள்.

அவர் சிரித்தபடி பீடியை எடுத்து அவனிடம் நீட்டினார். அவன் பற்றவைக்க நின்றான். நாங்கள் வளைவையும் தாண்டி, வெடித்தாலும் கேட்காத தூரம்வரை தள்ளிப்போனோம்.

மறுநாள் அவர் காதில் புதிய பீடி இருந்தது.