அப்பாவின் காதுகள் தேறிய நாள்

"காது கேக்குதா இல்லையான்னு பாக்கவா நாலு வருசம் படிக்கணும்? பேரச் சொல்லிக் கூப்பிட்டாத் தெரிஞ்சுபோகுது" என்றார் பெரியப்பா, காது சோதிக்கும் படிப்புக்காக நான் கல்லூரியில் சேர்ந்த வாரம். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். கோபம் வந்தது. ஆனால் சோதனைக் கருவியையே ஏமாற்ற முடியும் என்பதை எட்டு வயதில் நிரூபித்தவள் நான் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

அப்பா அப்போது வடமதுரைப் பக்கம் ஒரு கல் குவாரியில் கம்ப்ரசர் வைத்துப் பாறையில் வெடிக்குழி போடுபவர். இருபது வருட இரைச்சல் அவர் காதைத் தின்றிருந்தது. எதைச் சொன்னாலும் சிரித்தபடி "ஆமா, ஆமா" என்பார். தெருச் சண்டையில் இரண்டு தரப்புமே அவரைத் தங்கள் பக்கத்துச் சாட்சி என்று சொல்லிக்கொள்ளும். அவ்வளவு இணக்கமான மனிதர்.

ஒருநாள் காது சோதிக்கும் வண்டி வரப்போவதாகவும், கேட்காதவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்றும் பேச்சு வந்தது. அம்மா சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தார். வேறு குவாரியில் சோதனை முடித்துவந்த ஒருவரிடம் விவரம் கேட்டுக்கொண்டு அப்பா என்னிடம் வந்தார்.

"ஏத்தா, காது பாக்குற அந்தம்மா எனக்குப் பின்னாடி உக்காந்து பொத்தானை அமுக்கும். சத்தம் கேட்டா நான் கையைத் தூக்கணும். அது அமுக்குறப்பல்லாம் நீ எனக்கு எதுத்தாப்புல நின்னு மூக்கைத் தொடு. வேற ஒண்ணும் வேணாம்."

துணைக்கு வந்த பிள்ளை என்று என்னையும் உள்ளே விட்டார்கள். வண்டிக்குள் குளிர்ச்சியாக, நீருக்கடியில் இருப்பதுபோல் அமைதியாக இருந்தது. காதுகளை மூடிய கருப்புக் கருவியோடு அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாவின் விரல் அசைந்தது. என் விரல் மூக்குக்குப் போனது. அப்பாவின் கை உயர்ந்தது. மூன்று பேரும் ஒரே கனவைக் காண்பதுபோல் இருந்தது. ஒன்றிரண்டையாவது விட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. நான் எதிலும் முழு மதிப்பெண் வாங்குகிறவள்.

"கம்ப்ரசர்ல நின்னவருக்கு இம்புட்டு நல்ல காதா!" என்று வியந்தார் அந்த அம்மா.

"ஆமா, ஆமா" என்றார் அப்பா.

குவாரியிலேயே சிறந்த காது என்று தெரிந்ததும் மேஸ்திரி அவருக்குப் புது வேலை கொடுத்தார். வெடிகளை எண்ண வேண்டும். பன்னிரண்டு குழிக்கு வெடிமருந்து வைத்தால் பன்னிரண்டு சத்தம் கேட்க வேண்டும். ஒன்று குறைந்தால் வெடிக்காத மருந்து பாறைக்குள் கிடக்கிறது என்று பொருள். அப்போது யாரும் கீழே இறங்கக் கூடாது.

"வேணாம்னு சொல்லியிருக்கலாம்ல?" என்று அம்மா கத்திக் கேட்டார்.

"காது நல்லாருக்குன்னு எழுதிக் குடுத்துட்டாங்களே. என்னன்னு சொல்றது?"

ஒரு சனிக்கிழமை நானும் அம்மாவும் சாப்பாடு கொண்டுபோனோம். விசில் ஊதியதும் எல்லோரும் தொலைவில் ஒதுங்கினார்கள். வெயிலில் கல்தூசி பனிபோல் மிதந்தது. அப்பா மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு, வெறும் பாதத்தைப் பாறையில் அழுத்தி, கண்களை மூடி நின்றார். வெடி வைக்குமுன் சாமி கும்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். தரை அதிர அதிர, அவர் விரல்கள் ஒவ்வொன்றாய் மடங்கின.

"பதினொண்ணு" என்றார். "யாரும் எறங்காதீங்க."

"பன்னெண்டுய்யா! எங்க எல்லாருக்கும் கேட்டுச்சு" என்று ஆட்கள் கத்தினார்கள். சோற்று நேரம் வேறு. அப்பா வழியை மறித்து நின்றுவிட்டார். வெகுநேரம் கழித்து, வெடி வைத்தவர் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பன்னிரண்டும் வெடித்திருந்தன. இரண்டு அடுத்தடுத்து வெடித்ததில் பாறை ஒருமுறைதான் குலுங்கியிருக்கிறது.

மேஸ்திரி சிரித்தார். "தங்கக் காதுன்னாங்க, தகரமால்ல இருக்கு!" என்று அவர் கையை ஆட்டியதில் அப்பாவுக்குக் கேலி புரிந்துவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள்.

அப்பா சிரிக்கவில்லை. "எனக்குக் காது கேக்காதுண்ணே. காலாலதான் எண்ணுறேன்" என்றார், எல்லோர் முன்னாலும்.

அன்றோடு வேலை போனது. நிலக்கோட்டைப் பக்கம் ஒரு மல்லிகைத் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனார். நான் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. என் முழு மதிப்பெண்ணை இப்படி வீணாக்கிவிட்டாரே என்று இருந்தது. இன்று ஒன்றைக் குறைத்து எண்ணிய பாதம் நாளை ஒன்றைக் கூடுதலாக எண்ணிவிட்டால், அத்தனை ஆட்களும் அவர் வார்த்தையை நம்பி மருந்தின் மேல் நடந்துபோவார்கள். எண்ணும் வேலையில் இருந்த ஒரு மாதமும் அந்தப் பயத்தோடுதான் அவர் சோறு தின்றார் என்பது எனக்கு அப்போது தெரியாது.

படிப்பு முடிகிற வருடம் இது. போன வாரம் அதே குவாரிக்குப் போய், ஆட்களின் காதைச் சோதிக்க அனுமதி கேட்டேன். சோதனையில் தேறாத யாரையும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது, சத்தமில்லாத வேறு வேலை கொடுக்க வேண்டும் என்பதை முதல் வரியாக எழுதிக் கொண்டுபோயிருந்தேன். முதலாளி இரண்டுமுறை படித்தார். அவர் கையெழுத்துப் போட்டுத் தரும்வரை நான் எழுந்திருக்கவில்லை.