என் காருக்கு அண்ணன் போட்ட ஸ்பிரிங்

போன மாதம் ஹட்டன் டவுனில் ஒரு ஸ்பெயார் பார்ட்ஸ் கடைக்குப் போனேன். காருக்குப் பின்பக்க ஷொக் அப்சோபர் இரண்டு வேண்டும் என்றேன்.

கடைக்காரர் என்னைத் தாண்டிப் பின்னால் பார்த்தார். அங்கே என் கணவர் லீக்ஸும் கரட்டும் நிறைந்த பையோடு நின்றுகொண்டிருந்தார்.

“சேர், காரு என்னா வருசம்?”

“தெரியாதுங்க” என்றார் என் கணவர். “கலர் நீலம்.”

வருடத்தைச் சொன்னேன். மொடலைச் சொன்னேன். எஞ்சின் அளவையும் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்ட கடைக்காரர் மறுபடி என் கணவரிடமே திரும்பினார். “சேர், கேஸ் ஷொக் போடுறீங்களா, ஒயில் ஷொக் போடுறீங்களா?”

என் கணவர் கணித ஆசிரியர். நல்ல மனிதர். கினிகத்தேனை வளைவுகளில் மூன்றாவது வளைவுக்குள் அவருக்குத் தலை சுற்றும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, கையில் ஒரு எலுமிச்சம்பழத்தோடு உட்கார்ந்திருப்பார். காரைப் பற்றி அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆனாலும் மலைநாட்டில் என் கார் சம்பந்தப்பட்ட எல்லாக் கேள்விகளும் அவரிடம்தான் போகின்றன... ஏன் என்று கேட்டால் யாருக்கும் பதில் தெரியாது.

இந்தப் பத்திரிகைப் பத்தியைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு என் காரைத் தெரியும். சின்னக் கார். வாரத்தில் ஆறு நாள் அதில்தான் நான் பார்மசிக்கு வேலைக்குப் போகிறேன். வருடத்தில் இரண்டோ மூன்றோ ஞாயிற்றுக்கிழமைகளில் ஹெல்மெட் போட்டுக்கொண்டு, மலையேறும் பந்தயத்தில் அதை ஓட்டுகிறேன். பெரிய பந்தயம் இல்லை. கார்ப் பைத்தியங்கள் சிலர் சேர்ந்து, தேயிலைத் தோட்டத்து ரோட்டில் ஒரு துண்டை அனுமதி வாங்கி மூடிவிட்டு நடத்துவது. ஒவ்வொரு காராகத் தனியே ஓடும். குறைந்த நேரத்தில் மேலே போய்ச் சேர்பவருக்கு ஒரு கப். தோற்றவர்களுக்குப் பகல் சாப்பாடு.

போன தடவை எனக்குப் பகல் சாப்பாடுதான்.

காரணம் என்ன? வளைவில் கார் வெளிப்பக்கமாகச் சாய்கிறது. சாய்ந்ததும் உள்பக்கத்து முன் சக்கரம் பாரம் இல்லாமல் சும்மா சுற்றுகிறது. நான் ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டே இருக்கிறேன், கார் நேரே போகத்தான் ஆசைப்படுகிறது. யாரோ எடுத்த வீடியோவில் பார்த்தேன். படகு கவிழப் போவது போல இருந்தது.

அந்த வீடியோவை வட்ஸ்அப்பில் போட்டது என் தப்பு. அன்றிலிருந்து உபதேசம் கொட்ட ஆரம்பித்தது.

இருமல் மருந்து வாங்க வந்தவர், ஸ்பிரிங்கில் இரண்டு சுற்றை வெட்டி எடுங்கள் என்றார். பார்மசிக்கு முன்னால் ஓட்டோ நிறுத்துகிறவர், டிக்கியில் ஒரு மூட்டை மணல் போடச் சொன்னார். எஞ்சினுக்கு மேலே குறுக்காகச் சிவப்புக் கம்பி ஒன்று பூட்டினால் கார் பாம்பு மாதிரி வளையும் என்றார் ஒருவர். அவர் சொன்னதும் என் கணவரிடம்தான், சலூனில் வைத்து.

எல்லாரையும் விடச் சத்தமாகச் சொன்னது என் அண்ணன்.

அண்ணன் பிரபா கடலோர வத்தளையில் இருக்கிறார். எனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். அவரும் பந்தயம் ஓட்டுகிறவர். ஆனால் அவர் ஓட்டுவது தட்டையான சர்க்கிட்டில், மேசை போன்ற தரையில். “தங்கச்சி, காரக் கீழ எறக்கு. கட்டையான, இறுக்கமான ஸ்பிரிங் போடு. சாயவே சாயாது” என்று தினமும் போன் எடுத்தார்.

பார்மசியில் நான் தினமும் பார்க்கும் காட்சி ஒன்று இருக்கிறது. “மிஸ், பக்கத்து வீட்டுக்காரருக்கு இந்த மாத்திரைல சுகமாயிருச்சு, எனக்கும் ஒரு கார்ட் தாங்க” என்று வெறும் அட்டையோடு வந்து நிற்பார்கள். அவருக்கு என்ன வருத்தம், உங்களுக்கு என்ன நோய் என்று கேட்டால் கோபம் வந்துவிடும். கார் விஷயத்திலும் அதே கதைதான். வத்தளையில் சுகமானது ஹட்டனில் சுகமாகுமா?

எங்கள் ரோடுகளை நினைத்துப் பாருங்கள். தாருக்கு மேல் தார், அதற்கு மேல் ஒட்டு. நடுவில் மதகு வந்தால் ஒரு திடீர் மேடு. ஓரத்தில் தண்ணீர் ஓடும் கான். இங்கே சக்கரம் மேலும் கீழும் போய்வர இடம் வேண்டும். காரைத் தரையோடு தரையாக இறக்கிவிட்டால் அந்த இடம் எங்கே இருக்கும்?

நன்றாக யோசித்துத்தான் முடிவு செய்தேன். கம்பனி ஸ்பிரிங்கையே வைத்துக்கொள்வது. உயரத்தில் கை வைப்பதில்லை. செத்துப்போன ஷொக்குகளை மாற்றுவது. காய்ந்து வெடித்த ரப்பர் புஷ்களையெல்லாம் புதிதாகப் போடுவது. பின்பக்கத்துக்கு மட்டும் தடித்த ரோல் பார் ஒன்று. இரண்டு பக்கச் சக்கரங்களையும் சேர்த்துப் பிடித்து, சாய்வைக் குறைக்கும் கம்பி அது. பின்பக்கம் இறுகினால் முன்சக்கரங்களுக்குப் பிடி கிடைக்கும். சிவப்புக் கம்பி வேண்டாம். மணல் மூட்டை வேண்டவே வேண்டாம். கட்டை ஸ்பிரிங்கும் வேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டேன்.

காரை மெக்கானிக் ராஜு பாஸின் கராஜில் விட்டேன். என்ன செய்ய வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். “சரிங்க மிஸ், சரிங்க மிஸ்” என்று தலையாட்டினார்.

பந்தயத்துக்கு முதல்நாள் பின்னேரம் எடுக்கப் போனேன்.

கார் உட்கார்ந்திருந்தது. அப்படித்தான் சொல்ல வேண்டும். நாய் வாசலில் படுப்பது போல, டயருக்கும் மட்காட்டுக்கும் நடுவில் விரல் நுழைய இடமில்லாமல்.

“பாஸ், என்னா இது?”

“அண்ணன் கோல் பண்ணினாருங்க மிஸ். ஸ்பிரிங்கும் பஸ்ல போட்டு அனுப்பிட்டாரு. நீங்க சொன்ன ஷொக்கு, புஷ்ஷு, பின்பக்கத்துக் கம்பி, எல்லாம் போட்டாச்சு. இதையும் சேத்துப் போடச் சொன்னாரு.”

“கார் யாரோடது?”

“உங்களோடதுதான்.”

“பிறகு ஏன் எங்கிட்ட கேக்கல?”

ராஜு பாஸ் உண்மையிலேயே குழம்பிப்போனார். “அண்ணன் தானே மிஸ் சொன்னாரு... அதான் சேருக்கும் ஒரு கோல் எடுத்துச் சொன்னேனே.”

வீட்டுக்குப் போன் செய்தேன். “ஆமா, ஸ்பிரிங் என்னமோ சொன்னாரு” என்றார் என் கணவர். “நான் சரின்னு சொல்லிட்டேன். சொல்லக் கூடாதா?”

நான் என்ன செய்வது, சொல்லுங்கள்? மூன்று ஆண்கள் கூடி, என் காரைப் பற்றி, நான் இல்லாமல், மிக ஒற்றுமையாக ஒரு முடிவு எடுத்திருக்கிறார்கள். மூன்று பேருமே கெட்டவர்கள் இல்லை. அதுதான் எரிச்சலை இன்னும் கூட்டியது.

திரும்பக் கழற்ற நேரமில்லை. பழைய ஸ்பிரிங்குகளை ராஜு பாஸ் உரச் சாக்கில் கட்டி டிக்கியில் வைத்திருந்தார். காரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன்: புதிதாகத் தார் போட்ட மெயின் ரோட்டில் கார் ரோட்டோடு ஒட்டிக்கொண்டு போனது. வளைவில் சாயவே இல்லை. ஒருவேளை அண்ணன் சொன்னதுதான் சரியோ... என்று கூட நினைத்தேன்.

மறுநாள் காலை திம்புள்ள பக்கம் அந்தத் தோட்டத்து ரோட்டுக்குப் போனோம். அண்ணன் வத்தளையிலிருந்து விடியவே வந்து நின்றார். காரைச் சுற்றி வந்து, கண்கலங்காத குறையாகப் பார்த்தார். “இப்பத்தான் இது ரேஸ் காரு” என்றார். நான் அவரோடு பேசவில்லை.

முதலில் பயிற்சி ஓட்டம்; பந்தய ஓட்டம் பிற்பகல்தான். பச்சைக் கொடி விழுந்ததும் கிளம்பினேன். முதல் இரண்டு வளைவும் அழகாகப் போனது. மூன்றாவது, இடது பக்க வளைவு. அதன் நடுவில்தான் ஒரு மதகு.

மேட்டில் ஏறியபோது அடியில் ‘டொங்’ என்று ஒரு சத்தம். ஸ்பிரிங் முழுதாக அமுங்கி, அதற்கு மேல் அமுங்க இடமில்லாமல் இடித்துவிட்டது. கார் ஒரு துள்ளு துள்ளியது. ஸ்டியரிங் கையில் லேசானது. திருப்பினேன், ஒன்றும் நடக்கவில்லை. பிரேக்கை மிதித்தேன். கார் கானைத் தாண்டி, மண் திட்டில் ஏறி, மூக்கை ஒரு தேயிலைச் செடிக்குள் நுழைத்துக்கொண்டு நின்றது.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. எஞ்சினை நிறுத்தினேன். திட்டுக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன். தேயிலை மலை செங்குத்தாகக் கீழே இறங்கியது. அதன் அடியில் தொழிலாளர் லயத்துக் கூரைத் தகரங்கள் மினுங்கின. பிறகு நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

முதலில் ஓடி வந்தது கொடி வைத்திருந்தவர் இல்லை. என் கணவர். ஒரு செருப்பு எங்கேயோ கழன்று விழுந்துவிட்டது. மூச்சு வாங்கியபடி கதவைத் திறந்து, என் தோள், கை, தலை என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

பின்னாலேயே அண்ணன். “கொஞ்சம் வேகம் கூடிருச்சு தங்கச்சி, அதான்...”

அவ்வளவுதான். எனக்குள் அடைத்து வைத்திருந்ததெல்லாம் வெளியே வந்தது.

“வேகம் இல்லண்ணே! உங்க ஸ்பிரிங்கு! இந்த ரோட்ட நீங்க ஒரு நாளாவது ஓட்டிப் பாத்தீங்களா? நான் யோசிக்காமயா வேணாம்னு சொன்னேன்? எங்கிட்டக் கேக்காம எப்பிடி மாத்துவீங்க?”

அண்ணன் திட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த சரிவையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் இரத்தமே இல்லை.

“அந்த வீடியோவுல காரு சாஞ்சதப் பாத்தேன்ல” என்றார் கடைசியில். “அதுலேருந்து எனக்கு ஒரே நெனப்பு. உருண்டுருவியோன்னு. பள்ளத்துல போயிருவியோன்னு. சாயாமப் பண்ணிட்டா போதும்னு நெனச்சேன். வேற ஒண்ணுமே தோணல.”

“அத எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?”

“பயமா இருக்குன்னா? ஒனக்கு ஓட்டச் சொல்லிக் குடுத்ததே நான்தானே தங்கச்சி. நானே எப்பிடிச் சொல்றது?”

எனக்குக் கோபம் குறையவில்லை. ஆனால் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் போய்விட்டது. அண்ணன் எனக்காகப் பட்ட பயத்தைப் பயம் என்று சொல்லாமல், ஸ்பிரிங்காக மாற்றி, பஸ்ஸில் ஏற்றி அனுப்பியிருக்கிறார்! நம் வீடுகளில் எத்தனை உபதேசங்களுக்குள் இப்படி ஒரு பயம் சுருண்டு கிடக்கிறதோ, தெரியவில்லை.

காரை நான்கு பேர் பிடித்துத் தூக்கி ரோட்டில் வைத்தார்கள். பம்பரில் கீறல், வேறொன்றுமில்லை.

“டிக்கில பழைய ஸ்பிரிங்கு இருக்கு” என்றேன். “பகல் சாப்பாட்டுக்கு முன்ன மாத்தணும்.”

வேடிக்கை பார்க்க வந்திருந்த ராஜு பாஸையும் பிடித்தேன். தேயிலை பக்டரிக்குப் பக்கத்து மைதானத்தில் ஜாக் போட்டு நிறுத்தினோம். ராஜு பாஸ் ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவியை யாரிடமோ இரவல் வாங்கி வந்தார். அண்ணன் புல்லில் முழங்கால் போட்டு நட்டுகளைக் கழற்றினார். இந்தத் தடவை ஒவ்வொன்றுக்கும் கேட்டார். “இத இறுக்கவா தங்கச்சி?” “கம்பிய இப்பிடியே விடவா?” எனக்கே பாவமாக இருந்தது. ஆனாலும் ஒவ்வொன்றையும் நானே சரி பார்த்தேன். அலைன்மென்ட் பார்க்க மெஷின் ஏது? காரின் இரண்டு பக்கமும் நூலைக் கட்டி, சக்கரம் நேராக நிற்கிறதா என்று அளந்துகொண்டோம். நூலின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் என் கணவர்.

காரை மறுபடி சோதிக்க வந்த பந்தய அதிகாரி, நேராக நூல் பிடித்தவரிடம் போனார். “சேர், நட்டு எல்லாம் டைட் பண்ணினீங்களா?”

“எங்கிட்ட கேக்காதீங்க” என்றார் என் கணவர், நான் இதுவரை கேட்டிராத ஒரு குரலில். “ஓட்டுறவங்க அங்க இருக்காங்க. காரும் அவங்களோடது. அவங்ககிட்ட கேளுங்க.”

அதிகாரி என் பக்கம் வந்தார். கேட்டார். பதில் சொன்னேன். இவ்வளவுதானே விஷயம்! இதற்கு ஒரு தேயிலைச் செடி சாக வேண்டியிருந்ததா?

பிற்பகல் ஓடினேன். மூன்றாவது வளைவு வருவதற்கு முன் பயமாக இருந்தது. இல்லை என்றால் பொய். மதகில் ஏறியபோது கார் மேலே எழும்பியது... ஒரு மூச்சு விட்டது போல அடங்கியது... முன்சக்கரங்கள் தாரைப் பிடித்தன. கொஞ்சம் சாய்ந்தது. சாயட்டும். நான் திருப்பிய பக்கம் திரும்பியது.

என் பிரிவில் நான்காவதாக வந்தேன். நான்காவதுக்குக் கப் கிடையாது. ஆனால் என்னுடைய பழைய நேரத்தை விடச் சில செக்கன்கள் குறைவு. மேலே, முடிவுக் கோட்டுக்குப் பக்கத்தில், அண்ணன் இரண்டு கையையும் தூக்கிக் கத்திக்கொண்டிருந்தார். அவர் முதலாவதாக வந்த நாளில் கூட அப்படிக் கத்தியதில்லை.

எல்லாம் முடிந்து, மைதானத்தில் காரில் சாய்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஜீன்ஸ் போட்ட ஒரு பெண் தயங்கித் தயங்கி வந்தாள். “அக்கா, இந்தக் கார...” என்று ஆரம்பித்தாள்.

ஆகா, புதிதாக ஓட்ட வரும் பெண்! முழுதாகச் சொல்ல விடவில்லை நான். ஷொக்கில் தொடங்கினேன். புஷ்ஷின் அருமையைச் சொன்னேன். எந்தக் காரணம் கொண்டும் உயரத்தில் கை வைக்காதே என்றேன். பின்பக்கக் கம்பியைக் குனிந்து காட்டினேன். அவளையும் குனியச் சொன்னேன். முக்கியமாக, யார் என்ன சொன்னாலும் கேட்காதே என்று முடித்தேன்.

அவள் மரியாதையாக எழுந்து, முழங்காலில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

“சரிங்க அக்கா. நாங்க அந்த ஓரத்துல ரொட்டிக் கடை போட்டிருக்கோம். வழிய மறிக்குது, இந்தக் காரக் கொஞ்சம் தள்ளி நிப்பாட்டுறீங்களா?”

தள்ளி நிறுத்தினேன். ரிவர்ஸில் கூட நன்றாகத் திரும்புகிறது.