செலினுக்குப் பார்த்த இரண்டு வண்டிகள்

1. பார்க்காமல் போட்ட டிக்

அந்த வண்டியின் பானெட்டைக்கூடத் திறக்காமல் செக்கிங் ஷீட்டில் எல்லாக் கட்டங்களிலும் டிக் போட்டேன். கீழே கையெழுத்தும் போட்டேன். பதினாறு வருடம் மெக்கானிக் வேலை செய்தவன் செய்யக்கூடாத காரியம். செய்தேன்.

2006ஆம் வருடம். உப்பளத்தில் ஒரு கார் கன்சல்டிங்கில், அதாவது பழைய கார்களை வாங்கி விற்கும் கடையில் நான் செக்கிங் மெக்கானிக். வரும் வண்டிகளைச் சோதித்து ஷீட் எழுதுவது என் வேலை. அந்த ஷீட்டைக் காட்டித்தான் முதலாளி கோதண்டம் வண்டியை விற்பார்.

வெள்ளி நிறச் சின்ன கார் ஒன்று சென்னையிலிருந்து வந்து இறங்கியது. ஆட்டோமேட்டிக் கியர். அந்தக் காலத்தில் பாண்டிச்சேரியில் பழைய ஆட்டோமேட்டிக் வண்டி கிடைப்பதே அபூர்வம். வந்த அன்றே முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"தனசேகரு, இந்த வண்டிய நோண்டாத. நாளைக்கே பார்ட்டி வராங்க. ஷீட்ட மட்டும் எழுதிக் குடு."

"ஒரு தடவ தூக்கிக் கீழ பாத்துடறேன் சார்."

"பாத்து இன்னா பண்ணப் போற? ஆட்டோமேட்டிக்குல உனக்கு இன்னா தெரியும்?"

அவர் சொன்னது பாதி உண்மை. அதுவரை இரண்டே ஆட்டோமேட்டிக் வண்டிகளில்தான் கை வைத்திருந்தேன். தெரியாது என்று ஒப்புக்கொள்ள வெட்கம். அந்தக் கடையில் ஏழு வருடமாகப் பார்த்த வேலையைக் கெடுத்துக்கொள்ளப் பயம். பேனாவை எடுத்தேன்.

2. பாலத்து ஏற்றம்

மறுநாள் காலை பத்து மணிக்கு ஓர் அம்மாவும் மகளும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். அம்மா பிலோமினா, கதிர்காமத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். எல்லாரும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். மகள் செலின் காலாப்பட்டில் எம்.எஸ்சி. கணிதம் சேர்ந்திருந்தாள். வீடு அரியாங்குப்பம். செலினுக்கு இடது காலில், காலைத் தாங்கும் இரும்புக் காலிப்பர் மாட்டியிருந்தது. இரண்டு வயதில் வந்த போலியோ. டிகிரி முடிக்கும்வரை அண்ணன்தான் பைக்கில் கொண்டுபோய் விட்டிருக்கிறான். அவனுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்துவிட்டது. ஊரின் தெற்கிலிருந்து வடக்குக்கு, தினமும் இரண்டு பஸ் மாறிப் போய் வர அவளால் முடியாது.

கிளட்ச் மிதிக்க இடது கால் உதவாது என்பதால்தான் ஆட்டோமேட்டிக். சென்னையில் மாமா வீட்டு வண்டியில் பழகியிருந்தாள். எல்.எல்.ஆர். கையிலிருந்தது. சிஸ்டர் என் ஷீட்டை ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

"தனசேகரன்றது நீங்கதானா தம்பி?"

"ஆமா சிஸ்டர்."

"அப்ப சரி, ஓட்டிப் பாக்கட்டும்."

செலின் ஓட்ட, நான் பக்கத்தில், சிஸ்டர் பின்னால். கடலூர் ரோட்டில் தெற்கே போனோம். நிதானமாக ஓட்டினாள். முருங்கப்பாக்கம் தாண்டும்போது ஏ.சி.யைப் போட்டேன். வண்டிக்குள் அடித்திருந்த சென்ட் வாசனைக்கு அடியிலிருந்து ஒரு சேற்று நாற்றம் வந்தது. என் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தேன். வழக்கமாக வெளியே வராத கடைசி முழ நீளத்துக்குப் பட்டை பழுப்பாக இருந்தது. விரலால் தேய்த்தேன். வண்டல் மண்.

முந்தின வருட மழையில் சென்னையில் எத்தனையோ வண்டிகள் மூழ்கின. இது அதில் ஒன்று. எனக்குத் தெரிந்துவிட்டது. அப்போதே ஓரமாக நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கடைக்குத் திரும்பிப் போய் முதலாளியிடம் தனியாகப் பேசிக்கொள்ளலாம் என்று வாயை மூடிக்கொண்டேன். இன்றைக்கும் என்னை உறுத்துவது கையெழுத்தைவிட அந்த மௌனம்தான்.

அரியாங்குப்பம் பாலத்துக்கு ஏறும் இடத்தில் முன்னால் மாட்டு வண்டி போனது. செலின் வேகத்தைக் குறைத்தாள். மறுபடி ஆக்சிலேட்டரை மிதித்தாள். இன்ஜின் கத்தியது. வண்டி நகரவில்லை. இன்னும் மிதித்தாள். இன்ஜின் இன்னும் கத்தியது. அப்புறம் வண்டி மெதுவாகப் பின்னால் உருள ஆரம்பித்தது.

எங்களுக்குப் பின்னாலேயே கடலூர் பஸ். ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டு நெருங்கியது.

"பிரேக்கு! பிரேக்க மிதிமா!"

"மிதிச்சிட்டேன் சார், மிதிச்சிட்டேன்!"

அவள் பிரேக்கோடு சேர்த்து ஹேண்ட் பிரேக்கை நானும் இழுத்தேன். வண்டி குலுங்கி நின்றது. திரும்பிப் பார்த்தபோது பின் கண்ணாடி முழுக்கப் பஸ்ஸின் முகப்புதான் தெரிந்தது. நடுவில் ஒரு முழம்கூட இருக்காது. சிஸ்டர் மாதாவே, மாதாவே என்றுகொண்டு முன் சீட்டைப் பிடித்திருந்தார். செலின் ஸ்டியரிங்கை விடாமல் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் எறங்கட்டா சார்?" என்றாள். பிறகு அவளே, "எறங்கி இன்னா பண்ணுவேன், தள்ளவா முடியும்?" என்றாள்.

பஸ் கண்டக்டரும் நானும் இரண்டு பயணிகளும் சேர்ந்து வண்டியைப் பாலத்துக்குக் கீழே ரோட்டோரம் தள்ளினோம். இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும்படி வைத்து, பானெட்டைத் திறந்து கியர் ஆயிலின் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கை உருவினேன். அந்த ஆயில் சுத்தமான சிவப்பாக இருக்க வேண்டும். நுரையோடு ரோஸ் மில்க் மாதிரி வந்தது. விற்கிறவர்கள் புது ஆயில் ஊற்றியிருக்கிறார்கள். உள்ளே தங்கியிருந்த தண்ணீர், வண்டி ஓடிச் சூடானதும் அதில் கலந்துவிட்டது.

சிஸ்டர் பக்கத்தில் வந்து நின்றார். "இன்னா தம்பி இது?"

சொன்னேன். தண்ணீரில் மூழ்கிய வண்டி, கியர் பாக்ஸுக்குள் தண்ணீர் போயிருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் இப்படி நிற்கும், நான் சோதிக்காமல்தான் கையெழுத்துப் போட்டேன். எல்லாவற்றையும்.

அவர் கத்தவில்லை. "உங்க கையெழுத்தப் பாத்துதான தம்பி எம் பொண்ண இதுல உக்கார வெச்சேன்?" என்றார்.

போன் செய்ததும் முதலாளி பைக்கில் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"ஒண்ணுமில்ல சிஸ்டர், ஆயில் மாத்தணும், அவ்ளோதான். ரெண்டு நாள்ல ரெடி. இத விட்டா பாண்டில வேற ஆட்டோமேட்டிக்கு கெடைக்காது, பாத்துக்குங்க."

சிஸ்டர் மகளைப் பார்த்தார். கல்லூரி திறக்கப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. ஒரு நிமிடம் அவர் சம்மதித்துவிடுவார் என்றே பயந்தேன்.

"வேணாம் சிஸ்டர். ஆயில் மாத்துனா ஒரு மாசம் ஓடும். அப்பறம் எங்கனா நடு ரோட்டுல நிக்கும்" என்றேன்.

முதலாளியின் சிரிப்பு போய்விட்டது. "நாளைலேருந்து கடைக்கு வராத" என்றார்.

3. கைக்கு வந்த கிளட்ச்

மூன்றாம் நாள் அரியாங்குப்பத்தில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். வேறு வண்டி நான் பார்த்துத் தருகிறேன் என்றேன். சிஸ்டர் கதவைப் பிடித்தபடியே நின்றார்.

"உங்கள எப்பிடித் தம்பி நம்பறது?"

"நம்ப வேணாம் சிஸ்டர். ஒவ்வொண்ணா கழட்டிக் காட்டறேன். பாத்துட்டு நீங்களே முடிவு பண்ணுங்க."

உள்ளேயிருந்து செலின் கேட்டாள்: "சார், கிளட்ச காலுக்குத்தான் வெக்கணுமா? கையில வெக்க முடியாதா?"

எனக்குத் தோன்றாத விஷயம். அதுவரை எல்லாரும் அவள் காலுக்கு ஏற்ற வண்டியைத் தேடினோம். அவள் வண்டியை மாற்ற முடியுமா என்று கேட்டாள். முடியும். ஊரெல்லாம் ஓடும் எண்ணூறு சிசி வண்டியில் கிளட்ச் வெறும் கேபிள்தான். சைக்கிள் பிரேக் ஒயர் மாதிரி எங்கே வேண்டுமானாலும் திருப்பிக் கொண்டுவரலாம். ஸ்பேர் எந்தக் கடையிலும் கிடைக்கும். அரியாங்குப்பத்திலிருந்து காலாப்பட்டு வரை வழியில் எந்த ஷெட்காரனும் அந்த வண்டியைக் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பான்.

ஒரு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் வைத்திருந்த வெள்ளை வண்டி கிடைத்தது. ஆறு வயது, ஒரே ஓனர். அம்மாவையும் மகளையும் எதிரில் நாற்காலி போட்டு உட்காரவைத்துவிட்டுச் சோதித்தேன். கார்ப்பெட்டைத் தூக்கினேன். ஸ்டெப்னிக்கு அடியில் டார்ச் அடித்தேன். பட்டி பூசிய இடம் இருக்கிறதா என்று பாடி முழுக்கக் காந்தம் வைத்துப் பார்த்தேன். இடது முன் கதவில் காந்தம் ஒட்டவில்லை. "இங்க அடிபட்டிருக்கு, டிங்கர் வேலை பண்ணியிருக்காங்க. கதவோட போச்சு, சேஸிஸ்ல ஒண்ணும் இல்ல" என்றேன். இன்ஜினின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜை மாட்டி, மூன்று சிலிண்டரின் அளவையும் செலினையே படிக்கச் சொன்னேன். நோட்டில் எழுதிக்கொண்டாள். ஷீட் எழுதியது அவள்தான்.

வில்லியனூரில் லேத் வைத்திருந்த ராமலிங்கம் கியர் லீவரோடு சேர்த்து ஒரு பிடி செய்து கொடுத்தார். பிடியை அமுக்கினால் கிளட்ச் விடும், அதே கையால் கியர் மாற்றலாம். முதல் பிடி மிகவும் கடினம். காலி மைதானத்தில் பத்து முறை அமுக்கியதற்கே செலினுக்கு உள்ளங்கை சிவந்து வீங்கிவிட்டது. "இது ஆவாது சார்" என்று ராமலிங்கமே கைவிட்டார். செலின் நோட்டில் படம் போட்டு, பிடியின் நீளத்தை இவ்வளவு கூட்டினால் பாரம் இவ்வளவு குறையும் என்று கணக்குக் காட்டினாள். மூன்றாவது பிடி சரியாக வந்தது.

இந்த மாற்றத்தை ஆர்.சி.யில் ஏற்ற அலைந்ததில் நாட்கள் போயின. கல்லூரி திறந்து நான்கு வாரம் அவள் ஆட்டோவில்தான் போனாள். கடைசியில் லைசென்ஸ் டெஸ்ட். ஆர்.டி.ஓ. ஆபீஸ் இன்ஸ்பெக்டர் பிடியைத் தொட்டுப் பார்த்தார், காலிப்பரைப் பார்த்தார்.

"மேட்டுல நிறுத்தி எடுப்பியாமா?"

"எடுப்பேன் சார்."

வேலிக்கு வெளியே சிஸ்டரும் நானும் நின்றோம். சிஸ்டர் கையில் செபமாலை. எனக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை, வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். மேட்டில் நிறுத்தினாள். எடுக்கும்போது இன்ஜின் ஆஃப் ஆனது. வண்டி ஒரு சாண் பின்னால் போனது. இன்ஸ்பெக்டர் எதையோ எழுதினார். மறுபடி ஸ்டார்ட் செய்தாள். ஹேண்ட் பிரேக், பிடி, ஆக்சிலேட்டர். வண்டி ஒரு தரம் உதறிவிட்டு மேட்டில் ஏறி அந்தப் பக்கம் இறங்கியது. சிஸ்டர் என் தோளில் ஓங்கி ஓர் அடி போட்டார். அதுவரை என்னிடம் அவர் சரியாகப் பேசியதுகூட இல்லை.

படிப்பு முடிந்து, காரைக்கால் பக்கம் ஒரு கல்லூரியில் வேலைக்குச் சேரும்வரை செலின் அந்த வண்டியைத்தான் ஓட்டினாள். நான் சொந்தமாக ஷெட் போட்டேன். பழைய வண்டி வாங்குகிறவர்கள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டும் ஆள் ஆனேன்.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். வண்டியைப் பார்க்கக் கூப்பிட்டால் உடனே பானெட்டைத் திறக்காதீர்கள். ஓட்டப்போகிறவரை உட்காரவைத்து, எங்கிருந்து எங்கே போவீர்கள், வழியில் வண்டி நின்றால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். பதிலை முழுசாகக் கேட்டுவிட்டு அப்புறம் ஸ்பேனரை எடுங்கள்.