தேவகி மேடமும் ஒரு பச்சை டிக்கும்

தேவகி மேடம் இறந்துவிட்டாராம். நேற்று சாயந்திரம், அச்சரப்பாக்கத்தில், வீட்டிலேயே... ஹார்ட் அட்டாக். காலையில் சுகந்தி வாட்ஸப்பில் அனுப்பியிருந்தாள்.

"ஆழ்ந்த இரங்கல்" என்று டைப் செய்தேன். அழித்தேன். மறுபடி டைப் செய்து மறுபடி அழித்தேன். அதைப் போட எனக்கு யோக்கியதை இல்லை.

தெரியாதவர்களுக்கு... கருங்குழி தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு இன்ஜினியரிங் காலேஜ். இருபது வருஷத்துக்கு முந்தைய கதை. மேடம் அங்கே மேத்ஸ் லெக்சரர், சுகந்தி அவருக்கு ஜூனியர், நான் கம்ப்யூட்டர் லேப் இன்சார்ஜ்.

மொத்தக் காலேஜிலும் லேப்பில் மட்டும்தான் ஏசி. லஞ்ச் டைமில் பாதி ஸ்டாஃப் டிபன் பாக்ஸோடு அங்கேதான் இருப்பார்கள்.

வாசலில் ஒரு நோட்டு. பேர், வந்த நேரம், போன நேரம், கையெழுத்து. அதில் ஒழுங்காக எழுதிய ஒரே ஜீவன் மேடம்தான்.

"ஏசி காத்து வாங்க வர்றதுக்கெல்லாம் கையெழுத்தா மேடம்?" என்று கிண்டல் செய்வேன்.

"நோட்டுன்னு ஒண்ணு வெச்சிருக்கே இல்ல... அப்புறம் எழுதாம எப்படிப்பா?" என்பார்.

அந்தக் காலேஜில் வேலைக்குச் சேரும்போதே ஒரிஜினல் சர்டிபிகேட்டை எல்லாம் வாங்கி பீரோவில் பூட்டிவிடுவார்கள். ரிசைன் பண்ணினால் லேசில் திரும்பி வராது. சுகந்திக்கு கவர்மெண்ட் வேலை கிடைத்தது. ஜாயின் பண்ண பதினைந்து நாள்தான் டைம். சர்டிபிகேட் கேட்டு நடையாய் நடந்தாள். தரவில்லை.

மேடத்துக்குப் பொறுக்கவில்லை. லெக்சரர்கள் எழுதுகிற ஒரு இன்டர்நெட் ஃபோரத்தில் பேர் போடாமல் இதை எழுதுவது என்று முடிவு பண்ணினார். அந்த ஃபோரத்தைக் காலேஜில் பிளாக் பண்ணியிருந்தார்கள்.

"மதுராந்தகத்துல ப்ரௌசிங் சென்டர் இருக்கே ரவி... போற வழியில எறங்கி, அங்க போட்டுட்டுப் போயிடறேன்" என்றார்.

நான்தான் தடுத்தேன். "அங்கெல்லாம் எதுக்கு மேடம்? இங்கயே ப்ராக்ஸி வழியா போட்டுடலாம். நான் செக் பண்ணித் தரேன்."

ப்ராக்ஸி என்றால், நாம் நேராகப் போகாமல் எங்கோ இருக்கிற வேறொரு கம்ப்யூட்டர் வழியாகப் போவது. நெட்டில் லிஸ்ட் லிஸ்ட்டாகக் கிடைக்கும், முக்கால்வாசி வேலை செய்யாது. எது ஓடுகிறது என்று பார்க்க ஒரு ஃப்ரீ டூல் வைத்திருந்தேன். லிஸ்ட்டைப் போட்டு பட்டனைத் தட்டினால் சிவப்பு, சிவப்பு, சிவப்பு... எப்போதாவது ஒரு பச்சை டிக்.

அன்றைக்கும் ஒரு பச்சை விழுந்தது. "இது ஓடுது மேடம். நல்ல ஸ்பீடு."

"நம்ம காலேஜ்லேர்ந்து போகுதுன்னு தெரியாதே?"

"சான்ஸே இல்ல மேடம்."

அந்த டூலில் வலது ஓரத்தில் இன்னொரு வரிசை உண்டு. இந்த ப்ராக்ஸி நம் அட்ரஸை மறைக்குமா, இல்லை அப்படியே தூக்கிக் கொடுத்துவிடுமா என்று அதுதான் சொல்லும். சின்ன மானிட்டர், ஸ்க்ரீனை வலப்பக்கம் தள்ளிப் பார்த்தால்தான் தெரியும்.

நான் தள்ளிப் பார்க்கவில்லை. பச்சையைப் பார்த்ததுமே பெரிய மேதாவி ஆகிவிட்டேன்.

மேடம் ஒற்றை விரலால் தட்டித் தட்டி அரை மணி நேரம் டைப் செய்தார். போகும்போது மறக்காமல் நோட்டில் நேரம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அன்றைக்குக்கூட...

அந்த ஃபோரத்தில் யார் எழுதினாலும் கீழே நேரமும், எந்த நெட் அட்ரஸிலிருந்து வந்தது என்பதும் விழும். மூன்றாம் நாள் அட்டெண்டர் வந்து நின்றார்.

"சார், பிரின்சிபாலு கூப்புடறாரு. லேப் நோட்டையும் எடுத்துகினு வரச் சொன்னாரு."

எடுத்துக்கொண்டு போனேன். அந்த நேரத்துக்கு நேராக ஒரே ஒரு கையெழுத்துதான் இருந்தது. ஏசிக்கு வந்த மற்றவர்கள் என்றைக்கு எழுதினார்கள்?

மறுநாளே மேடத்தை அனுப்பிவிட்டார்கள். விஷயம் வெளியே வந்துவிட்டதால் சுகந்திக்கு சர்டிபிகேட் கிடைத்தது. மேடத்துக்குத் தரவில்லை. நாலு வருஷம் இழுத்தடித்தார்கள். ஒரிஜினல் இல்லாமல் எந்தக் காலேஜும் அவரைச் சேர்க்கவில்லை. அப்புறம் வீட்டில் டியூஷன்தான், கடைசிவரை.

ஒருமுறை மாமல்லபுரத்திலிருந்து வரும் பஸ்ஸில் பார்த்தேன். நான் அப்போது ஐ.டி. வேலைக்கு மாறியிருந்தேன். அவரே கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"யாரு சொல்லிக் குடுத்தாங்கன்னு பிரின்சிபால் எவ்ளோ கேட்டாரு தெரியுமா? நானேதான் பண்ணேன்னுட்டேன். எனக்கு மவுஸே சரியா பிடிக்க வராது... எப்படித்தான் நம்பினாரோ" என்று சிரித்தார்.

கொஞ்ச நேரம் கழித்து, "ஒண்ணு மட்டும் இன்னும் புரியல ரவி. நீ அவ்ளோ செக் பண்ணிக் குடுத்தும் எப்படிக் கண்டுபுடிச்சாங்க?"

எனக்குத் தெரியும். பிரின்சிபால் ரூமிலிருந்து வந்த அன்றே டூலைத் திறந்து அந்த வலது ஓரத்தைப் பார்த்துவிட்டேன். அட்ரஸை மறைக்காத ப்ராக்ஸி அது.

"தெரியல மேடம்" என்றேன்.

நெம்மேலி ஸ்டாப் வந்தது. நான் இறங்க வேண்டிய இடம் அது இல்லை. இறங்கிவிட்டேன்.

அப்புறம் எத்தனை தடவை போன் நம்பரை எடுத்து வைத்துக்கொண்டு... பண்ணவேயில்லை. கோழை.

சுகந்தி, "நீங்க ரெண்டு பேரும் இல்லேன்னா எனக்கு இந்த வேலையே இல்ல" என்று காலையில் எழுதியிருக்கிறாய். அதிலிருந்து என் பேரை எடுத்துவிடு.

மேடம்... பஸ்ஸில் கேட்டீர்களே. நான் சரியாகப் பார்க்கவில்லை. என்னால்தான் கண்டுபிடித்தார்கள்.

போய் வாங்க மேடம்.