மூன்று வாரப் புட்டி

பணிப் பதிவேட்டில் அவளைப் பற்றி இப்படி இருக்கிறது: "கண்ணாடிப் பாத்திரம் கழுவுநர், இரண்டாம் நிலை. பளு தூக்கத் தக்க உடற்கட்டு உடையவர். நோய் கண்டறிவதில் பங்கில்லை. முடிவெடுக்கும் பொறுப்பில்லை."

நாற்பது கிலோவுக்கு மேல் அவள் என்றும் இருந்ததில்லை. பாத்திரம் கழுவுவதை விட்டுப் பத்தொன்பது வருடமாகிறது. புற்று முளைத்த எலும்பைச் சிறு வாளால் தீக்குச்சி கனத்துக்கு அறுத்து, அதிலுள்ள சுண்ணாம்பு கரையும்வரை ஊறவைத்து, பிளேடு இறங்கும் பதம் வந்துவிட்டதா என்று ஊசியால் குத்திப் பார்ப்பவள் அவள்தான். அந்த வேலைக்கென்று பட்டம் படித்த இருவர் உண்டு. அந்த நெடி அவர்களுக்கு ஒத்துக்கொள்ளாது. ஆய்வுக்கூடம் முழுக்க அவளுக்கு ஆசிட் அக்கா என்று பெயர்.

ஊறவைக்க இரண்டு புட்டிகள். ஆசிட் புட்டியில் ஒரே நாளில் எலும்பு ரப்பர் மாதிரி ஆகிவிடும். மற்றதில் மூன்று வாரம். செல்லுக்குள் 'வளர், வளர்' என்ற கட்டளையைக் கைமாற்றிவிடும் புரதங்கள் உண்டு; அந்தக் கட்டளை போகும் பாதை விழித்திருந்தால், சாயம் போட்டதும் பழுப்பாகத் தெரியும். புது மருந்து அடைப்பது அந்தப் பாதையைத்தான். ஆனால் மூன்று வாரப் புட்டி விட்டுவைக்கும் அந்த அடையாளத்தை, ஆசிட் சுண்ணாம்போடு சேர்த்துத் தின்றுவிடும். சாயம் ஏறாது. நுண்ணோக்கியில் பார்த்தால் நோய் ரொம்ப சாது.

இப்படிச் சாதுவான நாற்பது எலும்புகளை வைத்துத் துறைத் தலைவர் ஒரு கட்டுரை எழுதியிருந்தார்: பெரும்பாலானவர்களிடம் இந்தப் பாதை உறங்குகிறது, இருந்தும் அவர்கள் சாகிறார்கள், ஏனென்று தெரியவில்லை. ஆசிட் அக்காவுக்குத் தெரியும். அவளை யாரும் கேட்கவில்லை.

அந்த வாரம் வந்த துண்டு ஒரு லிஃப்ட் மெக்கானிக்கின் மகளுடையது. இருபது வயது, தையல் கூடத்தில் மிஷின் மிதிப்பவள், கட்டி முழங்காலுக்கு மேலே. சாயம் ஏறினால் மருந்து கிடைக்கும், கட்டி சுருங்கிக் கால் தப்பலாம். ஏறாவிட்டால் கால் போகும்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள ரிப்போர்ட் வேணும்," என்றார் தலைவர்.

"கெட்டி எலும்பு சார். மெதுவா ஊறணும்."

"நீ டாக்டரா, கழுவுற ஆளா?"

"கழுவுற ஆளும் இல்லையே சார்."

பட்டம் படித்த இருவரும் சிரித்துவிட்டார்கள். தலைவர் சிரிக்கவில்லை. துண்டு ஆசிட்டுக்குள் போயிற்று.

ஒரு சீவல் மட்டும் போகவில்லை. அதை மூன்று வாரப் புட்டியில் போட்டு, 'கழுவ வேண்டியவை' என்று சீட்டு ஒட்டித் தொட்டிக்கு அடியில் தள்ளினாள். பதிவேட்டுக்கு அவ்வளவு விசுவாசமாக அவள் அதற்குமுன் நடந்துகொண்டதில்லை.

வெள்ளிக்கிழமை, சாயம் ஏறவில்லை. மருந்து இல்லை என்றார்கள்.

மெக்கானிக் வராந்தா பெஞ்சிலேயே குடியிருந்தார். கை சும்மா இருக்க முடியாமல், மாதக்கணக்கில் நின்றுபோயிருந்த லிஃப்டைச் சரிசெய்து கொடுத்தார்.

"உங்க ஆஸ்பத்திரியில ஒழுங்கா வேலை செய்யறது இப்ப இது ஒண்ணுதான் அக்கா."

"மெல்லப் பேசுங்க தம்பி. காதுல விழுந்தா மீட்டிங் போட்டு நிறுத்திடுவாங்க."

தினமும் அவளுக்கு டீ வாங்கித் தந்தார். தினமும் குடித்தாள். தினமும் சொல்ல வாயெடுத்து, டீயோடு சேர்த்து விழுங்கினாள். வெறும் சந்தேகத்தை எப்படிச் சொல்வது? ஊறட்டும், கண்ணால் பார்த்துவிட்டுச் சொல்லலாம். அரைகுறைப் பதத்தில் அறுத்துப் பழகாத கை அது.

பதினான்காம் நாள் மகளின் காலை எடுத்தார்கள். ஸ்ட்ரெச்சரை மேலே கொண்டுபோன லிஃப்டின் பொத்தானை அப்பாதான் அழுத்தினார்.

இருபத்திரண்டாம் நாள் சீவலில் சாயம் ஏறியது. சுண்டக் காய்ச்சிய டீயின் பழுப்பு.

சீவல் ஒட்டிய கண்ணாடித் தகட்டை அவள் தலைவரின் நுண்ணோக்கியில் வைத்தாள்; அவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்ததும் கேட்டார்: "யாரக் கேட்டு வெச்ச?"

"யாரையும் கேக்கல சார்."

"அப்ப இது யாரோடதும் இல்ல. கழுவிப் போடு."

அவர் தலைக்கு மேலே, நாற்பது எலும்புகளின் கட்டுரை சட்டம் போட்டு மாட்டியிருந்தது.

அவள் கழுவவில்லை. கண்ணாடித் தகட்டைக் கைக்குட்டையில் சுற்றி, மெக்கானிக் இருந்த பெஞ்சுக்குக் கொண்டுபோனாள்.

"இத எடுத்துட்டு வேற ஆஸ்பத்திரிக்குப் போங்க தம்பி. உங்க பொண்ணுக்கு அந்த மருந்து கேக்கும். நுரையீரலுக்குப் பரவறதுக்குள்ள போங்க."

அவர் கைக்குட்டையைப் பிரித்துப் பார்த்தார். "கால எடுத்த அன்னிக்கே உங்களுக்குத் தெரியுமா?"

"சந்தேகம் இருந்துச்சு."

"எங்கூட உக்காந்து டீ குடிச்சீங்களே அக்கா."

கண்ணாடித் தகட்டை எடுத்துக்கொண்டு போனார். அக்கா என்று அவர் கூப்பிட்டது அதுவே கடைசி.

வேறு மருத்துவமனையில் மருந்து கொடுத்தார்கள். மருந்து கேட்டது. கட்டியும் திரும்ப வரவில்லை, காலும் திரும்ப வரவில்லை. தலைவரின் கட்டுரை அதே சுவரில் இருக்கிறது. ஆசிட் அக்காவுக்குப் பணி வரம்பை மீறியதாக மெமோ வந்தது. இப்போது உண்மையாகவே பாத்திரம் கழுவுகிறாள். உடற்கட்டு தவிர, பதிவேடு சொல்வதெல்லாம் சரியாகிவிட்டது.

அவள் செய்தது இவ்வளவுதான்: ஒரு சீவலை மூன்று வாரப் புட்டியில் போட்டாள், இருபத்திரண்டு நாள் காத்திருந்தாள், அதுவரை அந்தப் பெண்ணின் அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.