உறுமாத டிராகன்

எங்கள் வீட்டில் ஏழு பாகங்கள் கொண்ட மாயாஜாலக் கதைத்தொடர் ஒன்று இருக்கிறது. ஆங்கிலம். கல்லூரியில் படித்த காலத்தில் வேலூர் பழைய புத்தகக் கடைகளில் ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்தவை. வீட்டில் அதைப் படித்தவன் நான் ஒருவன்தான். முதல் பாகத்தின் தொடக்கத்தில் இருக்கும் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "இந்த ஊருக்கெல்லாம் பஸ்ஸு போவுதா?" என்று கேட்டதோடு மனைவியின் இலக்கிய ஆர்வம் முடிந்துபோனது.

என் நம்பிக்கையெல்லாம் மகள்மீதுதான். சின்ன வயதில் அட்டைப்படத்தைப் பார்த்துப் பயந்தாள். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது எழுத்து பொடியாக இருக்கிறது என்றாள். இப்போது எங்கள் ஊர் சித்தூரிலேயே இன்ஜினியரிங் படிக்கிறாள். காரணம் சொல்வதையே நிறுத்திவிட்டாள். எனக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. அந்தக் கதையில் வரும் கிழட்டு டிராகனைப் பற்றிப் பேச ஓர் ஆள். ஒரே ஓர் ஆள்.

இந்த நிலையில்தான் அதை அனிமேஷன் படமாக எடுத்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. மகளே ஓர் ஒப்பந்தம் போட்டாள்.

"படம் நல்லாக்கீதுன்னா புக்கு படிக்கிறேன் நைனா. இல்லாங்காட்டி, அந்தப் பேச்சையே நீ எடுக்கக்கூடாது."

சரி என்றேன். யோசிக்காமல் சொன்னேன்.

சித்தூருக்குப் படம் வரவில்லை. திருப்பதியில் ஓடியது, அதுவும் தெலுங்கில் மட்டும். பாகாலா வழியாகப் போகும் பஸ்ஸில் கிளம்பினோம். வழியெல்லாம் அவளுக்கு டிராகனின் பெருமையைச் சொல்லிக்கொண்டே வந்தேன். அது அதிகம் பேசாது. பேசினால் மலை அதிரும். ஒவ்வொரு சொல்லும் கல்வெட்டு. நான் ஆங்கிலத்தில் படித்தாலும் என் தலைக்குள் அது எப்போதும் செந்தமிழில்தான் பேசியது, எங்கள் தமிழாசிரியரின் குரலில். "ஆவ்" என்றாள் மகள். அது கொட்டாவியா வியப்பா என்று தெரியவில்லை.

தியேட்டரில் எங்களுக்கு முன்வரிசை முழுக்க மொட்டைத் தலைகள். மலையிலிருந்து இறங்கியவர்கள், ரயிலுக்கு நேரம் இருக்கிறதென்று ஏசிக்காக வந்து உட்கார்ந்திருந்தார்கள். தலையெல்லாம் சந்தனம். திரையில் தீ எரிந்தபோது அந்தத் தலைகளில்தான் அது அழகாகத் தெரிந்தது.

படம் ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே எனக்கு வழி தவறிவிட்டது. மூன்று பாகங்களை ஒன்றாகப் போட்டு மிக்ஸியில் அடித்திருந்தார்கள். கதாநாயகனுக்குத் தங்கையே இல்லை. ஏழு பாகங்களிலும் சிரிக்காத ராணி, அணில்களோடு சேர்ந்து பாட்டுப் பாடினாள். பரவாயில்லை, டிராகன் வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வந்தது. குகை இருட்டில் ஒரு கண் திறந்தது. மகளை முழங்கையால் இடித்தேன். டிராகன் வாயைத் திறந்து, கதாநாயகனைப் பார்த்து, இழுத்துக் கேட்டது:

"ஏந்தப்பா... யாடிகி போதாண்டாவு?"

எங்கேப்பா போய்க்கினு இருக்கே என்கிறது. அச்சு அசல் எங்கள் பக்கத்துத் தெலுங்கு. சினிமாவில் இந்தப் பேச்சை ஒன்று ரவுடிக்குக் கொடுப்பார்கள், இல்லாவிட்டால் காமெடியனுக்கு. தியேட்டரே எழுந்துகொண்டது. முன்வரிசை மொட்டை ஒருவர் விசிலடித்து, "மன சித்தூரோடேரா!" என்று, நம்ம சித்தூர்க்காரன்டா என்று கத்தினார், ஏதோ காணாமல் போன சொந்தக்காரர் திரும்பி வந்ததுபோல.

நான் மகளைப் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்து ஒரு ஹோட்டலில் உட்கார்ந்தோம். அவள் பூரி சொன்னாள். எனக்கு எதுவும் வேண்டாம் என்றேன்.

"இன்னா நைனா, யாரோ செத்துட்டா மாரி மூஞ்ச வெச்சிக்கினு கீறே?"

"படம் கேவலமா கீது."

"ஆமா, கேவலம்தான். அந்தப் பாட்டு தாங்கல. ஆனா அந்த டிராகன் சூப்பர் நைனா. நம்ம பஸ் ஸ்டாண்டுல டிக்கெட் போடுவாரே ஒருத்தரு, அவரு மாரியே கீது. புக்கைக் குடு, படிக்கிறேன்."

ஜெயித்துவிட்டேன். ஆனால் எதை ஜெயித்தேன் என்று புரியவில்லை. இல்லாத டிராகனைத் தேடி இவள் புத்தகத்துக்குள் போகப் போகிறாள். பத்துப் பக்கத்தில் ஏமாந்து மூடிவிடுவாள். அதோடு ஒப்பந்தமும் முடிந்தது. திரும்பும் பஸ்ஸில் சந்திரகிரி தாண்டியதும் எச்சரித்துப் பார்த்தேன்.

"புக்குல அது அப்டி பேசாதும்மா. ரொம்ப கௌரவமா இருக்கும்."

"நீ சும்மா இரு. நான் பாத்துக்கறேன்."

இரண்டு நாள் சத்தமில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் புத்தகத்தோடு வந்து நின்றாள்.

"நைனா, 'டிரால்'னா இன்னா?"

"உறுமல்."

"அது 'கிரௌல்'."

"ரெண்டும் ஒண்ணுதாம்மா. டிராகன் உறுமாம வேற இன்னா பண்ணும்?"

அவள் போனைத் தட்டி என் மூக்குக்கு நேராக நீட்டினாள். டிரால் என்றால் இழுத்து இழுத்துப் பேசுவதாம். கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு அந்தப் பக்கத்தை வாங்கிப் படித்தேன். டிராகன் முதன்முதலில் வாய் திறக்கும் இடம். எல்லையோரத்து ஜனங்களைப்போல, இரண்டு நாட்டுச் சொற்களையும் கலந்து, நகரத்துக்காரர்கள் கேட்டால் சிரிக்கும்படி இழுத்துப் பேசியது என்று தெளிவாக அச்சாகியிருந்தது. பக்கத்து வரியில் ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு மேலே 'தணல்' என்று பென்சிலில் அர்த்தம் எழுதியிருந்தது. என் கையெழுத்துதான். ஒரு சொல்லுக்கு அகராதி பார்த்திருக்கிறேன். அடுத்த வரி முழுவதையும் நானே உறுமிக்கொண்டு தாண்டிப் போயிருக்கிறேன்.

"அப்போ இத்தினி வருஷமா அதைச் சும்மா உறுமவுட்டுக்கினு இருந்தியா? பாவம் நைனா அது."

தெலுங்கும் தமிழும் ஒரே வாக்கியத்தில் பேசும் ஊரில் பிறந்து வளர்ந்தவன் நான். என் மாதிரியே பேசிய ஒரு டிராகனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, செந்தமிழ் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

படம் மட்டம்தான். அதில் இப்போதும் சந்தேகமில்லை. அந்தப் பாட்டுக்கு மன்னிப்பே கிடையாது. ஆனால் அன்று ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தபோது ராணியைப் பற்றிய பயம் வந்தது. ஒருவேளை அவளும் எங்கேயாவது சிரித்திருப்பாளோ? எனக்குத் தெரியாத ஒரு சொல்லுக்குள் நன்றாகவே சிரித்திருந்து, அதை நான் அழுகை என்று படித்திருந்தால்?

காலையில் முதல் வேலையாக, ராணியைத் தேடிப் பார்க்க அலமாரியைத் திறந்து இரண்டாம் பாகத்தை எடுத்தேன். ஹாலில் மகள் முதல் பாகத்தின் கடைசிப் பக்கங்களில் இருந்தாள். டிராகன் வரும் இடங்களை எங்கள் பேச்சிலேயே, இழுத்து, தனக்குத்தானே வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். எனக்கு அந்தக் குரல் இன்னும் பழகவில்லை. கொஞ்ச நேரம் நின்று கேட்டேன். அவள் தலையைத் தூக்காமலே கையை நீட்டினாள்.

"அதை அங்க வெச்சிட்டுப் போ நைனா. அடுத்து நான்தான். வரிசைல வா."